வேலைகளை அறிமுகப்படுத்தும் வகுப்பறை விளையாட்டுகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாக வேலைகளை அறிமுகம் செய்வது பற்றிச் சக ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. பிள்ளை இப்போதே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எந்த வேலையையும் ‘இது நமக்கில்லை’ என்று இப்போதே ஒதுக்கிவிடாமல் இருந்தால் போதும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வேலையைப் பற்றி இப்போதே பேச வேண்டுமா?

வேண்டும். ஒதுக்குவது இந்த வயதில்தான் தொடங்குகிறது. லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். ஆறு முதல் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் வேலைகளை ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிடுகிறார்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் எது மதிப்பான வேலை, எது மதிப்பில்லாத வேலை, தங்களுக்கு எது எட்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். தனக்கு என்ன பிடிக்கும், என்ன வரும் என்ற யோசனை பதினான்கு வயதுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் பல வேலைகளைக் கழித்துக் கட்டியாகிவிடுகிறது.

நம் மாநிலத்தில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறது. அது அவசியமான வேலை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் வழிகாட்ட வருகிறவருக்கு ஏற்கெனவே சுருங்கிப்போன ஒரு பட்டியல்தான் கிடைக்கிறது. அதைச் சுருங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இதைப் பாடமாகச் சொன்னால் போதாதா? விளையாட்டு எதற்கு?

‘நமக்கு உதவுவோர்’ என்று படம் போட்டுப் பாடம் நடத்தினால் தபால்காரர் கடிதம் கொண்டுவருவார் என்று பிள்ளை எழுதும். அதோடு சரி. விளையாட்டில் அந்த வேலையைச் செய்கிறவரின் இடத்தில் பிள்ளை கொஞ்ச நேரம் நிற்கிறது. ‘இதை நானும் செய்யலாம் போலிருக்கே’ என்ற நினைப்பு அங்கேதான் பிறக்கிறது.

சரி, எந்த விளையாட்டில் ஆரம்பிக்கலாம்?

சீட்டு எடுத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் ஆரம்பியுங்கள். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வேலைகளை எழுதி மடித்து ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு பிள்ளை வந்து ஒரு சீட்டை எடுத்து, உங்களிடம் மட்டும் காட்ட வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பதில் ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘சில நேரம்’ என்ற மூன்றில் ஒன்று.

அப்படியே விட்டால் வகுப்பு முழுக்க ‘டாக்டரா? போலீஸா? டீச்சரா?’ என்று கத்தும். அதனால் ஒரு விதி: முதல் பத்துக் கேள்விகளில் எந்த வேலையின் பெயரும் வரக்கூடாது. இந்த ஒரு விதி விளையாட்டையே மாற்றிவிடும். ஒரு சுற்று எப்படிப் போகும் என்று பாருங்கள்.

‘வெயில்ல நிக்கணுமா?’ ஆமாம். ‘பேனா வேணுமா?’ சில நேரம். ‘மேல ஏறணுமா?’ ஆமாம். ‘மரத்துலயா?’ இல்லை. ‘ராத்திரி கூப்பிட்டாலும் போகணுமா?’ ஆமாம். ‘மழை நாள்ல வேலை அதிகமா?’ ஆமாம். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ‘கையில உறை போடணுமா?’ ஆமாம். ‘தப்பு பண்ணா உயிர் போகுமா?’ ஆமாம். பத்தாவது கேள்விக்குள் பாதி வகுப்புக்குத் தெரிந்துவிடும்: கரண்ட் கம்பம் ஏறுகிற லைன்மேன்.

புயலடித்த ராத்திரியில் அவர் ஏன் வெளியே போகிறார் என்பதைப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டுத் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அனுமதி கிடையாது. ‘ஆம்பளையா பொம்பளையா?’ என்பது ஒன்று. ‘பெரிய வேலையா சின்ன வேலையா?’ என்பது இன்னொன்று. ஏன் கூடாது என்று முதல் நாளே வகுப்பிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் யாராவது கேட்டால் பிள்ளைகளே தடுப்பார்கள்.

சீட்டில் என்னென்ன வேலைகளை எழுதுவது?

மூன்றில் ஒரு பங்கு தெருவில் பார்க்கிற வேலை: கொத்தனார், டெய்லர், பஸ் கண்டக்டர், நாற்று நடுபவர், பூக்கட்டுபவர், தூய்மைப் பணியாளர். மூன்றில் ஒரு பங்கு பெயர் கேள்விப்பட்டிருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத வேலை: விஏஓ, லேப் டெக்னீஷியன், கால்நடை மருத்துவர், நில அளவையாளர், வங்கி மேலாளர். மீதி கேள்விப்படாதவை: கல்வெட்டு படிப்பவர், வானிலை ஆய்வாளர், கடலில் மீன்வளம் ஆராய்பவர், சைகை மொழிபெயர்ப்பாளர், கிரிக்கெட் மைதானத்தின் பிட்ச்சைத் தயார் செய்பவர். ஊருக்குத் தக்கபடி மாற்றுங்கள். தூத்துக்குடியில் உப்பளமும் துறைமுகமும் வரட்டும். சிவகாசியில் அச்சகம் வரட்டும்.

ராஜா ராணி போலீஸ் திருடன் விளையாட்டையே மாற்றிப் பயன்படுத்தலாமா?

சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ராஜாவுக்கு இத்தனை, போலீஸுக்கு இத்தனை, திருடனுக்குச் சுழியம் என்ற அடுக்கு அந்த விளையாட்டின் உயிர். வேலைகளுக்கு அதே அடுக்கைப் போட்டால் எதை மாற்ற நினைக்கிறோமோ அதையே சொல்லிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

முழு வகுப்பும் ஒரே நேரத்தில் விளையாட என்ன இருக்கிறது?

எனக்கு மிகப் பிடித்தது தோசைச் சங்கிலி. நாற்பது பேர் இருந்தாலும் ஆடலாம். வேண்டியது ஒரு சணல் உருண்டை.

வட்டமாக நிற்க வையுங்கள். நடுவில் ஒருவர் தட்டில் தோசையோடு, அதாவது தோசை மாதிரி வெட்டிய தாளோடு நிற்பார். ‘இந்தத் தோசை தட்டுக்கு வர யாரெல்லாம் வேலை செய்தார்கள்?’ ஒரு பிள்ளை ‘அம்மா’ என்னும். நல்லது, ஆனால் அப்பாவும் சுடலாம் என்று சொல்லி, ‘சுட்டவர்’ என்று எழுதிச் சணலின் நுனியை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். மாவு எங்கிருந்து வந்தது? அரைத்தவர். எதில் அரைத்தார்? கிரைண்டர். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்பவர், அதற்குக் கல் கொத்துபவர், மோட்டார் சுற்றுபவர். கரண்ட் எங்கிருந்து? மின் நிலையத்தில் வேலை செய்பவர், லைன்மேன். அரிசி? நெல் போட்டவர், நாற்று நட்டவர், அறுவடை இயந்திரம் ஓட்டியவர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டவர், மூட்டை தூக்கியவர், அரிசி ஆலைக்காரர், லாரி ஓட்டுநர், ரேஷன் கடைக்காரர். உளுந்து வேறு பக்கம் போகும். உப்பு தூத்துக்குடிக்குப் போகும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணன், தோசைக்கல் வார்த்தவர். புது நெல் ரகம் கண்டுபிடிக்கிற வேளாண் விஞ்ஞானியையும் ஆடுதுறையிலிருந்து கூப்பிடலாம். அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடீ என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே உருவானவை.

கால் மணி நேரத்தில் வகுப்பு முழுக்கச் சணல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இப்போது ஒருவரைக் கையை விடச் சொல்லுங்கள். ‘மூட்டை தூக்குபவர் இன்று வரவில்லை.’ சணல் தொய்கிற இடத்தில் இருப்பவர்கள் எல்லாம் உட்கார வேண்டும். அடுத்த முறை விஞ்ஞானியை எடுத்துப் பாருங்கள். இன்று ஒன்றும் ஆகாது, ஆனால் புது நோய் ஒன்று வயலில் இறங்கினால்? பிள்ளைகள் இதை வாதிடுவார்கள். வாதிடவிடுங்கள். அடுத்த வாரம் தோசைக்குப் பதில் பாடப்புத்தகம், பள்ளிச் சீருடை, செல்போன் என்று மாற்றிக்கொள்ளலாம்.

பொருள் வாங்கக் காசில்லை. என்ன செய்வது?

வாங்கவே வேண்டாம். கேட்டால் ஊரே கொடுக்கும். ஒரு துணிப்பையில் கொத்தனாரின் ரசமட்டம், தூக்குக்குண்டு, டெய்லரின் இஞ்ச் டேப், பாபின், எலெக்ட்ரீசியனின் டெஸ்டர் என்று போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கூரானது, வெட்டுவது எதுவும் வேண்டாம். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த விளையாட்டில் பெரும்பாலும் அதுதான் முதலில் சொல்லும். அந்த நேரத்தில் சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபினைப் பற்றிச் சொல்லுங்கள். முழுமையாகப் பார்வையற்ற அவர் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த முதல் நபர் அவர்தான்.

‘உங்க அப்பா என்ன வேலை செய்கிறார்?’ என்று கேட்டுத் தொடங்கலாமா?

கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

அப்பா இல்லாத பிள்ளை இருக்கும். அப்பா வேலைக்குப் போகாத வீடு இருக்கும். அதைவிடப் பெரியது, நம் ஊரில் பல வேலைகளின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். பறையடிப்பவர், சலவை செய்பவர், முடி திருத்துபவர், தெரு கூட்டுபவர் என்று ஒரு பிள்ளை தன் அப்பாவைச் சொன்னால், அடுத்த பெஞ்சில் இருப்பவர்கள் அதை வைத்து வேறொன்றை முடிவு செய்துகொள்வார்கள். அந்தப் பிள்ளையை வகுப்பு முன்னால் நாமே அடையாளம் காட்டிக் கொடுத்தது போலாகும்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1953இல் அன்றைய சென்னை மாநில முதல்வர் ராஜாஜி தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பிறந்த வீட்டையும் செய்யப்போகும் வேலையையும் பள்ளிக்கூடம் முடிச்சுப் போடக்கூடாது என்று அன்றே முடிவு செய்த மாநிலம் இது. விளையாட்டுக்குக்கூட அந்த முடிச்சை நாம் போட வேண்டாம்.

ஆகவே எந்த வேலை யாருக்கு என்பதைச் சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் கை காட்டி ‘நீ டாக்டர், நீ துப்புரவு’ என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிள்ளை தானாக, பெருமையோடு, ‘எங்கப்பா சமையல் மாஸ்டர்’ என்று சொன்னால் மனதாரக் கேளுங்கள்.

தூய்மைப் பணியாளர் சீட்டு வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களே?

சீட்டை எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் சிரித்தவர்கள் ஜெயித்ததாகிவிடும். அந்த வேலையைச் செய்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்: மட்கும் குப்பை எது, மட்காதது எது, ஊசி கிடந்தால் எப்படி எடுப்பது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வண்டி. சீட்டில் வந்த வேலையை நடித்துக் காட்டும்போது ஒரு பிள்ளை சாக்கடைக்குழிக்குள் இறங்குவது போலக் காட்டினால் உடனே நிறுத்துங்கள். கையால் மலம் அள்ள மனிதர்களை அமர்த்துவதற்கும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதற்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. இயந்திரம் செய்ய வேண்டிய வேலை அது என்று சொல்லி, அந்த இயந்திரத்தை வடிவமைப்பவர், இயக்குபவர் என்று இரண்டு புதுச் சீட்டுகளை டப்பாவில் சேருங்கள்.

பையனுக்கு நர்ஸ் சீட்டு வந்தால் சிரிப்பு, பெண்ணுக்கு டிரைவர் சீட்டு வந்தால் சிரிப்பு. என்ன செய்ய?

திட்டுவதால் சிரிப்பு நிற்காது, உள்ளே போய்விடும். அதைவிட, சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர்களையே பார்க்க வையுங்கள். ‘ஒரு விஞ்ஞானியை வரை’ என்று சொல்லித் தாள் கொடுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் இதே சோதனையைச் செய்து 1983இல் வெளியிட்டார். 4,807 பிள்ளைகள் வரைந்ததில் 28 படங்களில் மட்டுமே பெண் விஞ்ஞானி இருந்தார். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் பெண் பிள்ளைகள். உங்கள் வகுப்புப் படங்களைச் சுவரில் ஒட்டி, பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

எண்ணி முடித்த பிறகு ஆட்களைச் சொல்லுங்கள். சூரியனை ஆராய அனுப்பிய ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். சந்திரயான் 2 திட்டத்தின் இயக்குநர் மு. வனிதா. தமிழ்நாட்டின் முதல் பெண் அரசுப் பேருந்து ஓட்டுநர் வசந்தகுமாரி 1993இல் வேலைக்குச் சேர்ந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களிலேயே மின் பொறியியல் படித்து முடித்த ஏ. லலிதா. ஆண் பிள்ளைகளுக்கும் இது வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். வீட்டில் சமைத்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் கிடைக்கும்.

எல்லோரும் டாக்டர், கலெக்டர், இல்லாவிட்டால் யூடியூபர் என்கிறார்கள். மறுத்துச் சொல்லலாமா?

மறுக்க வேண்டாம், விரியுங்கள். ‘டாக்டர்’ என்றால் கரும்பலகையில் ஒரு ஆஸ்பத்திரி வரையுங்கள். அதற்குள் இன்னும் யார் இருக்கிறார்கள்? நர்ஸ், மருந்தாளுநர், எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தம் பரிசோதிப்பவர், பிசியோதெரபிஸ்ட். வாசலில் 108 ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. அதில் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் அழைக்கிறார்கள். பின்னால் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். ‘யூடியூபர்’ என்றால் கேமரா பிடிப்பவர், ஒலி பார்ப்பவர், வெட்டி ஒட்டுபவர், எழுதுபவர். கிரிக்கெட் என்றால் அம்பயர், ஸ்கோரர். ஆசை கெடாது, அதற்குள் போக இன்னும் பல வாசல்கள் தெரியும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்?

தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள். ஒரே அளவு உழைப்புக்கு ஒருவருக்கு ஏன் அதிகம், இன்னொருவருக்கு ஏன் குறைவு என்று கேட்டால் அது நியாயமான கேள்வி என்றும் சொல்லுங்கள். எல்லா வேலையும் ஒன்றுதான் என்று பூசி மெழுகினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

வெளியிலிருந்து ஆட்களை அழைக்க வேண்டுமா?

அழைப்பது நல்லது. 2018இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வுக்காக, 20 நாடுகளில் ஏழு முதல் பதினொரு வயதுள்ள 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வேலையை வரைந்தார்கள். அந்த வேலையைப் பற்றிப் பள்ளிக்கு வந்த ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவை பெரும்பாலும் வீட்டிலிருந்தும் டிவியிலிருந்தும் வந்தவை.

முதல் விருந்தினர் உங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்: சத்துணவு சமைக்கிற அக்கா. தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்றால், இன்று 64 பேர் வந்திருந்தால் எவ்வளவு போட வேண்டும்? அவர் மனக்கணக்காக ஆறு கிலோ நானூறு என்று சொல்வதைப் பிள்ளைகள் கேட்கட்டும். அடுத்தவர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தேடலாம்.

பேச்சு வேண்டாம் என்று விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘நல்லா படிங்க’ என்ற அறிவுரையில் அரை மணி போய்விடும். அதற்குப் பதில் அவர் தன் கருவி ஒன்றைக் கொண்டுவர, அது எதற்கு என்று பிள்ளைகள் முதலில் ஊகிக்க வேண்டும். அப்புறம் கேள்விகள்: ‘இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?’ ‘தப்பாகிவிட்டால் என்ன ஆகும்?’ ‘சாயந்திரம் உடம்பில் எங்கே வலிக்கும்?’ ‘இதில் கணக்கு எங்கே வருகிறது?’ வலி பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். விருந்தினர் மனம் விட்டுப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியாதா?

தெரியும். அவர்களுக்குப் பாதைகள் பற்றிய விளையாட்டு கொடுங்கள். பரமபதக் கட்டத்தைப் பெரிய சார்ட்டில் வரைந்து, ஏணிகளை உண்மையான வழிகளாக்குங்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்குப் போகலாம். பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக், அங்கிருந்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சந்திரயான் 3 திட்ட இயக்குநர் விழுப்புரம் ப. வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கியவர்தான்.

பாம்பு எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் அது பாம்பு இல்லை. அதே ஆண்டில் துணைத்தேர்வு இருக்கிறது, அங்கே ஒரு சின்ன ஏணி வையுங்கள். பாம்பு வைக்க வேண்டிய இடங்கள் வேறு: பள்ளியை விட்டு வேலைக்கு அனுப்புவது, பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம். அந்தப் பாம்பின் வாயில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதிவையுங்கள். அந்த எண்ணை அழைத்தால் பாம்பு இறக்காது என்பது விதி. ஆட்டம் நடக்கும்போதே எல்லோருக்கும் எண் மனப்பாடம் ஆகிவிடும்.

‘படிக்க அனுப்பினால் விளையாடுகிறார்கள்’ என்று பெற்றோர் சொன்னால்?

ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிய காலம் முதல், 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வரை, செய்து கற்பது நம் பள்ளிகளுக்குப் புதிதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். கேள்வி விளையாட்டைத் தமிழ்ப் பாடவேளையில் பேச்சுப் பயிற்சியாகவும், பொருள் விற்று வாங்குவது போல ஆடும் கடை விளையாட்டைக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மதிப்பெண் போடாதீர்கள். ‘நீ என்ன ஆகப்போகிறாய்?’ என்று கேட்டும் அளக்காதீர்கள். ஒன்பது வயதில் அதற்குப் பதில் தேவையில்லை. ஜூன் மாதம் ஒரு தாள் கொடுத்து, பத்து நிமிடத்தில் தெரிந்த வேலைகளை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பிப்ரவரியில் இன்னொரு தாள். இரண்டாவது தாளில் பெயர்கள் கூடியிருக்கும், அது எதிர்பார்த்ததுதான். நான் பார்ப்பது வேறொன்றை. இரண்டு தாளிலும் ‘இதில் எதெல்லாம் நீ முயன்றால் செய்ய முடியும் என்று நினைக்கிறாய்? வட்டம் போடு’ என்று சொல்வேன். வட்டங்கள் கூடியிருக்கிறதா, பெண் பிள்ளைகள் போட்ட வட்டங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பிள்ளை இன்னும் இரண்டே வட்டத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை யாருடைய வகுப்புக்குப் போகிறதோ, அந்த ஆசிரியரிடம் இரண்டு தாளையும் கொடுத்துப் பேசிவிடுங்கள்.